பத்தாவது முடிஞ்சாச்சு, ஐ.டி.ஐ.யா காலேஜா? கடலூர்ப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு வாசலில் யாராவது பையனையோ பெண்ணையோ கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், அதாவது இயந்திர பாகங்களைச் செதுக்கிப் பொருத்தும் தொழில் படித்தவன். கெமிக்கல் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன், பிறகு பயிற்றுநராகப் போனேன். வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். நேரில் வர முடியாதவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

சார், ஒரே வரியில் சொல்லுங்க. ஐ.டி.ஐ.யா, டிகிரியா?

பிள்ளை இன்னும் ஐந்து ஆறு வருடம் சம்பாதிக்காவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும், பிள்ளைக்கும் இன்ன படிப்பு, இன்ன வேலைக்காக என்று தெளிவு இருக்கிறது என்றால் காலேஜுக்கு அனுப்புங்கள். அந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், முதலில் கையில் ஒரு தொழில், அதற்கு மேல் டிகிரி என்ற வரிசைதான் நல்லது. தொழில் படித்தவர் பிறகு டிகிரி வரை போக வழி இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். எதற்கென்றே தெரியாமல் ஒரு டிகிரி முடித்துவிட்டு 24 வயதில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. அப்படி வந்து நிற்பவர்கள் வருடா வருடம் கூடுகிறார்களே தவிரக் குறையவில்லை.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், டிகிரி. மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

ஐ.டி.ஐ. என்பது தொழிற்பயிற்சி நிலையம். ட்ரேடை, அதாவது கற்கும் தொழிலைப் பொறுத்து ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம். வெல்டர், கோப்பா எனப்படும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் போன்றவை ஒரு வருடம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட், மோட்டார் வாகன மெக்கானிக், ஏ.சி. மெக்கானிக் எல்லாம் இரண்டு வருடம். முடிவில் அகில இந்தியத் தேர்வு எழுதி தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்கலாம். அது நாடு முழுக்கச் செல்லும்.

பாலிடெக்னிக் டிப்ளமோ பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருடம். பாதி கணக்கும் வரைபடமும், பாதி பட்டறை. டிகிரி பன்னிரண்டாவதுக்குப் பிறகு மூன்று வருடம், இன்ஜினியரிங் என்றால் நான்கு.

ஐ.டி.ஐ.யில் உண்மையில் என்னதான் கத்துக்கொடுப்பாங்க?

எனக்குத் தெரிந்த ஃபிட்டர் ட்ரேடையே சொல்கிறேன். முதல் சில வாரங்கள் பையன் கையில் ஒரு அரமும் ஒரு இரும்புக் கட்டையும்தான். கட்டையை வைஸ் என்னும் பிடிப்பானில் இறுக்கி, ஒரு முகத்தைச் சமமாக ராவ வேண்டும். மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒளி கசிந்தால் திரும்பவும் ராவ வேண்டும். உள்ளங்கை கொப்புளிக்கும், தோள்பட்டை விட்டுப்போகும். இரண்டாவது வாரமே பையன்கள் "சார், மெஷின்ல போட்டா ஒரு நிமிஷம்தானே" என்பார்கள். மெஷினில் ஒரு நிமிடம்தான், நானும் மறுக்கவில்லை. ஆனால் வெர்னியர் அளவுகோல் காட்டும் 0.02 மில்லிமீட்டர் என்பது எவ்வளவு என்று கை உணர்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்த உணர்வு வந்துவிட்ட பையன் எந்த மெஷினுக்குப் போனாலும் சீக்கிரம் பிடித்துக்கொள்வான்.

அப்புறம் துளை போடுவது, மரை வெட்டுவது, ஒன்றுக்குள் ஒன்று பிசகாமல் உட்காரும்படி இரண்டு துண்டுகளைப் பொருத்துவது, வரைபடம் படிப்பது, பட்டறைக் கணக்கு என்று போகும்.

இதெல்லாம் எங்கே உதவுகிறது? ஆலையில் ஒரு பம்பும் அதை ஓட்டும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பேரிங் சூடேறும், சீல் கசியும். கசிவது தண்ணீர் என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். நம் சிப்காட் தொழிற்பேட்டையில் பல ஆலைகளில் அந்தக் குழாயில் ஓடுவது அமிலமாகவோ கரைப்பானாகவோ இருக்கும். டயல் கேஜ் வைத்து அந்த நேர்கோட்டைப் பிடிக்கத் தெரிந்த ஃபிட்டரை நம்பித்தான் ஒரு ஷிஃப்டில் உள்ளே நிற்கும் அத்தனை பேர் உயிரும் இருக்கிறது. இதை முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். இது வெறும் கூலி வேலைக்கான படிப்பு என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதும் இதனால்தான்.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள் எல்லாம் அரசு தருகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் (2022 செப்டம்பரில் தொடங்கியது), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் (2024 ஆகஸ்ட்) மாதம் 1,000 ரூபாய் உண்டு. இந்த இரண்டு திட்டமும் டிகிரிக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.டி.ஐ.க்கும் டிப்ளமோவுக்கும் உண்டு, சேரும்போதே விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் நெய்வேலியிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கடலூரில் பெண்களுக்கென்றே தனியாக ஒன்றும் உண்டு.

படிச்சு முடிச்சதும் நம்ம பக்கம் வேலை இருக்கா?

இருக்கிறது. ஆனால் எந்த வேலை, என்ன மாதிரி என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சிதம்பரம் சாலையில் சிப்காட் ஆலைகளில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், கருவி மெக்கானிக், ஆலை இயக்குபவர் எல்லோரும் தேவை. ஐ.டி.ஐ.யில் 'அட்டெண்டன்ட் ஆபரேட்டர் (கெமிக்கல் பிளாண்ட்)' என்றே ஒரு ட்ரேடு உண்டு. நம் ஊருக்கு அது ரொம்பப் பொருத்தம், ஆனால் அதைத் தெரிந்து கேட்டு வருகிறவர்கள் குறைவு. நெய்வேலியில் 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் இருக்கின்றன. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை. முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு டீசல் என்ஜின்களும் ஐஸ் ஆலைகளும். டீசல் மெக்கானிக்கும் ஏ.சி., குளிர்பதன மெக்கானிக்கும் அங்கே சும்மா இருக்க நேரமே கிடைக்காது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் இடங்களில் இப்போது மெஷின்கள் வந்துவிட்டன, அதைப் பழுது பார்க்க ஆள் தேடுகிறார்கள். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளுக்குக் காலை பஸ்ஸில் ஏறிப் போய் வருகிறவர்கள் நிறையப் பேர். அதற்கும் மேலே சென்னைப் பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள்.

இப்போது கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த வேலைகளில் நிறைய கான்ட்ராக்ட் வேலைகள். ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பராமரிப்பது) என்றால் ஒரு மாதம் ராத்திரி பகலாகக் கூப்பிடுவார்கள், முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். ஐ.டி.ஐ. முடித்துப் பத்து வருடமாகக் கான்ட்ராக்டிலேயே இருக்கிற என் மாணவர்கள் இருக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு உங்கள் பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேருங்கள் என்று சொல்வது நியாயமில்லை. அதிலிருந்து வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. நல்ல இடத்தில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள், அல்லது வேலை பார்த்துக்கொண்டே அடுத்த சான்றிதழை வாங்கியவர்கள்.

அப்ரண்டிஸ் என்கிறார்களே, அது என்ன?

1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி ஆலைக்குள்ளேயே பெறும் பயிற்சி. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் தங்கள் ஆட்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 2019-இல் திருத்திய விதி மாத உதவித்தொகையை ஐ.டி.ஐ. முடித்தவருக்குக் குறைந்தது 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 என்று வைத்தது. பெரிய நிறுவனங்கள் இதைவிடக் கூடவே தருவதுண்டு. என்.எல்.சி. மூன்று வகையினரையும் எடுக்கிறது.

முடித்ததும் அதே நிறுவனம் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வீட்டில் ஏமாற்றம் வருவது இங்கேதான். அப்பா ஊரெல்லாம் "பையனுக்கு என்.எல்.சி.யில் வேலை கிடைச்சுடுச்சு" என்று சொல்லிவிடுவார், ஒரு வருடம் கழித்துப் பையன் பையோடு திரும்பி வருவான். ஆனாலும் அந்த வருடம் வீண் போகாது. ஐ.டி.ஐ. பட்டறையில் பழைய மோட்டாரைக் கழற்றி மாட்டியவன், ஓடுகிற ஆலையில் கைவைத்தவனாக மாறுகிறான். கடைசியில் தேர்வு எழுதி தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு அடிப்படை நிலையான 'லெவல் 1' பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு.

ஒரு வேண்டுகோள். ஐ.டி.ஐ. கடைசித் தேர்வு முடிந்த வாரமே பையனை ஏதாவது வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். அன்றைக்குக் கிடைக்கும் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதல் பணத்துக்காக அப்ரண்டிஸை விட்டவர்கள் எல்லோரும் பின்னால் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

டிகிரி இல்லாவிட்டால் எந்தக் கதவெல்லாம் மூடிவிடும்?

இதைக் கட்டாயம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஐ.ஏ.எஸ். தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வுகள் எல்லாவற்றுக்கும் டிகிரி வேண்டும். பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் என்றால் டிகிரியும் பி.எட்.டும். வக்கீல், டாக்டர், நர்ஸ் எல்லாம் அவரவர் படிப்பு. இந்த ஆசை பிள்ளைக்கு நிஜமாகவே இருந்தால் ஐ.டி.ஐ. பக்கம் திருப்பாதீர்கள்.

குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது போதும். ஐ.டி.ஐ. போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்குத் திறக்கும் கதவுகளும் உண்டு. ரயில்வே உதவி லோகோ பைலட், ரயில்வே டெக்னீஷியன், மின்வாரியக் கள உதவியாளர் போன்றவை. ஐ.டி.ஐ., டிப்ளமோ தகுதிக்கென்றே டி.என்.பி.எஸ்.சி. தனியாகத் தொழில்நுட்பப் பணித் தேர்வு நடத்துகிறது. பி.ஏ. மட்டும் முடித்தவர் இந்தப் பணிகளுக்கு விண்ணப்பிக்க முடியாது.

வெறும் பி.ஏ., பி.எஸ்சி. படிப்பது வீணா?

இல்லவே இல்லை. இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேவனாம்பட்டினத்துப் பெரியார் கலைக் கல்லூரியில் படித்து இந்த மாவட்டத்தில் தலைநிமிர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் குடும்பங்களில் பல, அதற்கு முன் பள்ளி வாசலையே மிதிக்காதவை. என் அக்காவும் பி.ஏ. தமிழ் படித்து, தேர்வு எழுதி அரசுப் பணிக்குப் போனவர்தான். பல வீடுகளில் பெண்ணின் கல்யாணப் பேச்சை மூன்று வருடம் தள்ளிப்போடும் ஒரே காரணம் காலேஜ்தான். அந்த மூன்று வருடத்தில் அவள் பார்க்கும் உலகத்துக்கு விலை கிடையாது.

நான் சொல்வது வேறு. மதிப்பெண்ணுக்கு எந்தக் குரூப் கிடைத்ததோ அதில் சேர்ந்து, எதற்கு என்று ஒரு நாளும் யோசிக்காமல் மூன்று வருடம் போவதுதான் ஆபத்து. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளில் 42 விழுக்காட்டுக்கு மேல் வேலையில்லாமல் இருப்பதாகச் சொன்னார்கள். வயது கூடக் கூட அந்த அளவு வெகுவாகக் குறைகிறது. அதாவது கடைசியில் ஏதோ ஒரு வேலை அமைந்துவிடுகிறது, ஆனால் நடுவில் பல வருடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பைத் தாங்கும் பலம் உங்கள் வீட்டுக்கு இருக்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி.

தமிழ்நாட்டில் காலேஜ் வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் (2021-22 கணக்குப்படி 47 விழுக்காடு, இந்தியா முழுக்க 28.4) உயர்கல்விக்குப் போகிறார்கள். நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் எல்லார் கையிலும் டிகிரி இருக்கும்போது டிகிரி மட்டும் நம்மைத் தனியாகக் காட்டாது. டிகிரியோடு வேறு என்ன தெரியும் என்று கேட்பார்கள்.

இன்ஜினியரிங் பற்றி?

பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வந்தால், அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தயங்காதீர்கள். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கணக்கு வராத பிள்ளைக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கடன் வாங்கிச் சேர்ப்பது மட்டும் வேண்டாம்.

ஐ.டி.ஐ. படித்தால் கடைசிவரை அதோடு நின்றுவிட வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. பத்தாவதோடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்துகிறது. கூட்டிப் பாருங்கள்: ஐ.டி.ஐ. இரண்டு, டிப்ளமோ இரண்டு, பி.இ. மூன்று. பத்தாவதிலிருந்து ஏழு வருடம். பன்னிரண்டாவது வழியாக வந்தால் ஆறு. ஒரே ஒரு வருடம்தான் கூடுதல், ஆனால் நடுவில் எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு வேலைக்கான சான்றிதழ் இருக்கும். பணம் முடைப்பட்டால் நின்று சம்பாதித்துவிட்டுத் திரும்பவும் ஏறலாம். நம்மைப் போன்ற வீடுகளுக்கு இந்த நடுப்படிகள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, அப்பா உடம்புக்கு முடியாமல் படுத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

பொறியியல் வேண்டாம், கலைப்படிப்புதான் என்றாலும் வழி உண்டு. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர், மொழிப்பாடத் தேர்வுகளை எழுதிப் பன்னிரண்டாவதுக்கு இணையான சான்றிதழ் பெறலாம்.

எலக்ட்ரிக்கல் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள். ஐ.டி.ஐ. படிக்காமலே வயரிங் வேலை பழகியவர்களுக்கும் மின்கம்பி உதவியாளர் தேர்வு இருக்கிறது. 21 வயதும் ஐந்து வருட அனுபவமும் இருந்தால் எழுதலாம்.

தனியார் ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா?

நல்ல தனியார் நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். என் தம்பி ஏமாந்த கதை இது. நான் வெளியூர் வேலையில் இருந்தபோது அப்பா அவனை ஒரு தனியார் நிலையத்தில் எலக்ட்ரீஷியன் ட்ரேடில் சேர்த்தார். இரண்டு வருடக் கட்டணத்துக்கு அம்மாவின் வளையல் போனது. கடைசி வருடம்தான் தெரிந்தது, அந்த நிலையத்தில் அந்த ட்ரேடுக்கு அங்கீகாரமே இல்லை. கையில் கொடுத்த காகிதத்தை எந்தக் கம்பெனியும் ஏற்கவில்லை. அவன் திரும்பவும் அரசு ஐ.டி.ஐ.யில் முதலிலிருந்து சேர்ந்தான். நாலு வருடம் போனது. அம்மா அந்த வளையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அதுதான் எங்களுக்கு இன்னும் தாங்கவில்லை.

அதனால் சொல்கிறேன். நிலையத்துக்கு மொத்தமாக அங்கீகாரம் இருக்கிறது என்ற பதிலோடு திரும்பாதீர்கள். உங்கள் பிள்ளை சேரும் ட்ரேடுக்கு, இந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து அரசு ஐ.டி.ஐ. முதல்வரிடம் போய் விசாரித்தாலே சொல்லிவிடுவார். பட்டறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு ஃபிட்டர் பிரிவுக்கு 20 பேர் என்பது கணக்கு. அத்தனை பேருக்கும் வைஸ் இருக்கிறதா, லேத் ஓடுகிறதா, தரையில் இரும்புத்தூள் கிடக்கிறதா பாருங்கள். பெருக்கித் துடைத்துப் பளபளவென்று இருக்கும் பட்டறையில் யாரும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மூன்று மாதத் தொழிற்பயிற்சிக் கோர்ஸ் போதுமா?

ஏற்கெனவே ஒரு தொழில் தெரிந்தவர் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள நல்லது. பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஐ.டி.ஐ.க்குப் பதிலாக அதைக் கொடுக்காதீர்கள்.

பொண்ணு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படிக்கலாமா?

தாராளமாக. பெண் என்றாலே தையலும் கம்ப்யூட்டரும்தான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். என் வகுப்பில் படித்த பெண்கள் அளவெடுப்பதிலும் வரைபடத்திலும் பையன்களைவிடப் பொறுமைசாலிகள். ராவும்போது முதல் மாதம் கொஞ்சம் திணறினார்கள், அதற்கப்புறம் இல்லை. பெண்களுக்குச் சேர்க்கையில் உச்ச வயது வரம்பே கிடையாது. கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்குப் போன பிறகு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. வேலைக்குப் போகும் இடத்தில் இரவு ஷிஃப்டுக்கு வண்டி அனுப்புகிறார்களா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

பத்தாவதில் ஃபெயில். இனி என்ன?

எட்டாவது தேர்ச்சியே போதும் என்கிற ட்ரேடுகள் இருக்கின்றன. வயர்மேன், வெல்டர் அப்படிப்பட்டவை. வெல்டரை லேசாக நினைக்க வேண்டாம். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் ஒரே தரத்தில் பற்றவைக்கும் தேர்வுக்கு 6ஜி என்று பெயர். அதில் தேறிய வெல்டரைச் சுத்திகரிப்பு ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் தேடுகின்றன. ஆனால் பத்தாவதையும் துணைத்தேர்வில் எழுதிவிடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் தொடங்கிப் பல இடங்களில் அது உதவும்.

வளைகுடாவுக்குப் போனால் நல்ல சம்பளம் என்கிறார்களே?

தொழில் தெரிந்து, அனுபவத்தோடு போனால் நல்லதுதான். மத்திய அரசிடம் பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும் மட்டும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் வழியாகவும் ஆள் எடுக்கிறார்கள். விசிட் விசாவில் வேலைக்கு மட்டும் போகவே கூடாது.

டிகிரி இல்லைன்னா பையனுக்குப் பொண்ணு கிடைக்காதே?

இந்தக் கேள்வியை அம்மாக்கள் மெதுவாக, கடைசியில்தான் கேட்பார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, எங்கள் வீட்டிலும் இருந்தது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம்மை அடித்துப்போட்டபோது ஊர் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து இரவும் பகலும் கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவில் கரண்ட் வந்த அன்று, கம்பத்திலிருந்து இறங்கிய பையனுக்கு என் அம்மா தன் கையால் காபி கொடுத்துவிட்டு, "உன்னைப் பெத்தவ நல்லா இருக்கணும்" என்றார். என் படிப்பைப் பற்றி அதுவரை உறவினர்களிடம் பேசத் தயங்கிய அம்மா அவர். பெண் வீட்டார் கேட்டால் பையன் என்ன வேலை செய்கிறான், பி.எஃப். பிடிக்கிறார்களா, குடிக்கிறானா என்று கேட்கச் சொல்லுங்கள். இப்போது பலர் அப்படித்தான் கேட்கிறார்கள்.

நல்ல வேலை என்று எதை வைத்துச் சொல்வது?

கையில் வரும் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். நியமனக் கடிதம் தருகிறார்களா? பி.எஃப். கணக்கு எண் கொடுத்தார்களா? 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு, அட்டை வந்ததா? சட்டப்படியான வேலை நேரத்துக்கு மேல் ஓ.டி. பார்த்தால் இரட்டைச் சம்பளம் என்பது சட்டம், தருகிறார்களா? கெமிக்கல் ஆலை என்றால் முகமூடி, கையுறை, கண்ணாடி கொடுத்து, அவசரத்தில் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முதல் நாளே காட்டுகிறார்களா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் மற்ற எல்லாம் இருந்தாலும் அங்கே போக வேண்டாம் என்றுதான் என் பிள்ளைக்குச் சொல்வேன்.

பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. 24 வயது. இப்போ ஐ.டி.ஐ. சேர்ந்தா சிரிப்பாங்களா சார்?

சிரிக்க மாட்டார்கள், தம்பி. ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை உண்டு. பட்டதாரிகள் வந்தால் வரைபடமும் கணக்கும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், பத்தாவது முடித்த சின்னப் பையன்களுக்கும் அவர்களால் உதவி. நீங்கள் வேதியியல் படித்தவர் என்றால் அதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனங்கள் கெமிக்கல் பிளாண்ட் ஆபரேட்டர் அப்ரண்டிஸுக்கு பி.எஸ்சி. படித்தவர்களைத்தான் கேட்கின்றன. சிப்காட் ஆலைகளின் பரிசோதனைக் கூடங்களிலும் வேதியியல் பட்டதாரிகளுக்கு இடம் உண்டு. உங்கள் டிகிரி வீணாகவில்லை.

சேர்வதற்கு எப்போது, என்னென்ன எடுத்துக்கொண்டு வர வேண்டும்?

பத்தாவது ரிசல்ட்டை ஒட்டி இணையத்தில் விண்ணப்பம் தொடங்கும். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம். சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லை என்று கவலைப்பட வேண்டாம், அரசு ஐ.டி.ஐ.க்கே போனால் அங்கேயே பதிந்து கொடுப்பார்கள். வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அலுவலகத்தோடு திரும்பிவிடாமல், அனுமதி கேட்டுப் பட்டறைக்குள் அழைத்துப் போய் அரை மணி நேரம் நிற்க வையுங்கள். எந்த மெஷின் பக்கத்தில் போய் நிற்கிறான், எதைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று கவனித்துவிட்டு அப்புறம் ட்ரேடு பெயரை எழுதுங்கள்.